பிழைத்து வந்த பிள்ளையின் கிட்னியை இனி எங்கே காட்டுவது?

போன பங்குனியில் மாரியம்மன் கோயில் திருவிழாவில் ஒரு தாய் என்னைத் தேடி வந்தார். கையில், மடித்து மடித்துக் கிழியும் நிலைக்கு வந்துவிட்ட டிஸ்சார்ஜ் தாள். பேதியில் உடம்பு வற்றி, சிறுநீர் குறைந்து ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்ட பெண் குழந்தை. இப்போது அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்து பலூன் கேட்டு அழுதுகொண்டிருந்தாள்.

"அண்ணே, பிள்ளை நல்லாத்தானே இருக்கு? ரங்கூனுக்குத் திரும்பக் கூட்டிப் போகணுமா, இங்கேயே பாத்தாப் போதுமா? மெட்ராசுக்குப் போய்க் காட்டுங்கன்னு மாமியார் சொல்றாங்க."

என்னைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. 3 வருடத்துக்கு முன்னால், கார்த்திகை அறுப்பு நேரத்தில், என் தங்கை மகனைக் கண்ணாடி விரியன் தீண்டியது. பர்மியர்கள் ம்வேப்வே என்று சொல்லும் அதே பாம்பு. பெகுவுக்கு அப்பால் உள்ள வயலில் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோன 7 வயதுப் பிள்ளை. டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் குழாயில் இரத்தம் எடுத்து 20 நிமிடம் ஆட்டாமல் அசைக்காமல் வைத்துப் பார்த்தார்கள், உறையவில்லை. விஷமுறிவு மருந்து உடனே கிடைத்தது, உயிர் தப்பியது. ஆனால் மறுநாள் சிறுநீர் நின்றுபோனது. ரங்கூனுக்குக் கொண்டுவந்து 11 நாள் வயிற்று வழியாக டயாலிசிஸ் செய்த பிறகுதான் கிட்னி மறுபடி வேலை செய்யத் தொடங்கியது. அந்தத் தாய் கேட்ட அதே கேள்வியை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டில் பல நாள் விவாதம் நடந்தது. நான் மருத்துவன் இல்லை. ஆனால் தாய்மாமன் என்ற முறையில் இந்த 3 வருடமும் கூடவே அலைந்தவன். அதனால் எங்கள் முன்னால் இருந்த வழிகளை ஒவ்வொன்றாக எடுத்து, எது எதற்கு உதவும், எது எங்கே கைவிடும் என்று எழுதிவிடுகிறேன்.

முதல் வழி, ஒன்றும் செய்யாமல் இருப்பது. இதை யாரும் முடிவெடுத்துச் செய்வதில்லை, அதுவாகவே நடந்துவிடும். பிள்ளை ஓடி விளையாடுகிறான், நன்றாகச் சாப்பிடுகிறான், சிறுநீர் தாராளமாகப் போகிறது. பிறகு எதற்கு ஊசி? இந்த எண்ணம் இயல்பானதுதான், ஆனாலும் இந்த நோயில் இது தப்பு. ஏன் தப்பு என்று புரிந்துகொண்டால்தான் மற்ற வழிகளை எடைபோட முடியும்.

ஒவ்வொரு கிட்னியிலும் ஏறக்குறைய 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. நெஃப்ரான் என்று பெயர். அவை எல்லாம் தாயின் வயிற்றிலேயே உருவாகி முடிந்துவிடுகின்றன. பிறந்து வளர்ந்த பிறகு புதிதாக ஒன்றுகூட முளைக்காது. விஷமோ, பேதியோ, கிருமியோ ஒரு பகுதியை அழித்துவிட்டால், மிஞ்சியவை தங்கள் வேலையோடு செத்தவற்றின் வேலையையும் சேர்த்து இழுக்கின்றன. நாலு பேர் தூக்கும் மூட்டையை இரண்டு பேர் தூக்குவதுபோல. கொஞ்ச காலம் வெளியே ஒன்றும் தெரியாது. அதிக வேலையில் அவை வீங்கி, புரதத்தை ஒழுகவிட்டு, வருடக்கணக்கில் தழும்பாகிப் போகும். பிள்ளை வளர வளர உடம்பு கேட்கும் வேலையும் கூடும். கிட்னி வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு கிரியாட்டினின், அதைத்தான் இரத்தத்தில் அளப்பார்கள். பாதிக்கு மேல் கெடும்வரை அது பெரிதாக ஏறாது. வீக்கம், களைப்பு, வாந்தி எல்லாம் கடைசியில் வருபவை. "வீங்கினால் காட்டலாம்" என்று காத்திருப்பவர்கள் அந்தக் கடைசிக் கட்டத்துக்காகக் காத்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

எல்லாப் பிள்ளைக்கும் இப்படி ஆகிவிடும் என்று பயமுறுத்தவில்லை. 2012-ல் வெளியான ஓர் ஆய்வில், தீவிர சிகிச்சைப் பிரிவில் கிட்னி பாதிக்கப்பட்டு மீண்ட 126 பிள்ளைகளை 1 முதல் 3 வருடம் கழித்துப் பார்த்தார்கள். 100-க்கு 10 பிள்ளைகளுக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் இருந்தது. இன்னும் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு இரத்த அழுத்தம் கூடுதலாக இருப்பதுபோன்ற எச்சரிக்கை அடையாளங்கள் இருந்தன. மீதிப் பேர் நலம். நம் பிள்ளை எந்தக் கூட்டத்தில் இருக்கிறான் என்பது முகத்தைப் பார்த்தால் தெரியாது. அளந்தால்தான் தெரியும்.

அளந்து தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று என் மைத்துனர் கேட்டார். நியாயமான கேள்வி. பதில் இருக்கிறது. ஐரோப்பாவில் நாள்பட்ட சிறுநீரக நோயுள்ள 385 பிள்ளைகளை 5 வருடம் கவனித்து 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். எல்லாருக்கும் ஒரே மாத்திரைதான். ஒரு பாதிப் பேருக்கு மட்டும் இரத்த அழுத்தத்தை இன்னும் கறாராக இறக்கினார்கள். அவர்களில் 100-க்கு 30 பேருக்குத்தான் கிட்னி பெரிய அளவில் கெட்டது. மற்றவர்களில் 42 பேருக்கு. பிரஷரை அடக்கிவைப்பது என்ற சாதாரண வேலையே இவ்வளவு செய்கிறது. சீக்கிரம் கண்டுபிடித்தவர்களுக்குத்தான் அந்த லாபம்.

சரி, மெட்ராஸ். எங்கள் பெரியவர்களுக்கு அந்த ஊர்ப் பெயரே பாதி மருந்து. அங்கே நல்ல குழந்தை சிறுநீரக மருத்துவர்கள் இருக்கிறார்கள், நம் மொழியிலேயே பேசலாம், எல்லாப் பரிசோதனையும் ஒரே கட்டடத்தில் முடியும். இதையெல்லாம் மறுக்கவில்லை. ஆனால் பாஸ்போர்ட், விசா, விமானம், தங்குமிடம் என்று ஒரு குடும்பத்தின் சேமிப்பே கரையும். அப்படிப் போய் நாம் வாங்கி வருவது ஒரு நாளின் படம் மட்டும். இந்த நோய்க்குத் தேவை வருடாவருடம் எடுக்கும் படங்களின் வரிசை. காரணம் தெரியாமல் கிட்னி இறங்கிக்கொண்டே போகிறது, சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும் என்று இங்குள்ள மருத்துவரே சொன்னால் போகலாம். அதுவரை அந்தப் பணத்தைப் பத்து வருடப் பரிசோதனைக்கு ஒதுக்கி வையுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

ரங்கூன்தான் உண்மையான போட்டியாளர். குழந்தைகளின் கிட்னியைப் பார்க்கத் தெரிந்தவர்கள் ரங்கூன், மாந்தலே போன்ற பெரிய ஊர்களில்தான் இருக்கிறார்கள். பிள்ளை படுத்திருந்தபோது பார்த்த சயாவே (டாக்டரை இங்கே அப்படித்தான் சொல்வோம்) திரும்பப் பார்த்தால், பழைய கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பெகுவிலிருந்தே 50 மைல். கிராமத்திலிருந்து மோட்டார் சைக்கிள், அப்புறம் பஸ், வழியில் சோதனைச் சாவடி, விடிவதற்கு முன்னால் வரிசை. 2021-க்குப் பிறகு அரசு ஆஸ்பத்திரிகளில் சயாக்கள் குறைந்துவிட்டதால் காத்திருப்பும் நீண்டுவிட்டது. ஒரு நாள் பரிசோதனைக்கு அப்பாவுக்கு இரண்டு நாள் வேலை போகும்.

எங்கள் வீட்டில் 3 மாதத்துக்கு ஒருமுறை ரங்கூன் என்றுதான் முடிவு செய்தோம். முதல் முறை போனோம். இரண்டாம் முறை நாற்று நடவு. மூன்றாம் முறை மழை வெள்ளத்தில் பாதை மூழ்கியது. அந்த வருடம் நாலில் இரண்டுதான் நடந்தது. தாளில் மிகச் சிறந்த ஏற்பாடு, நடப்பில் பாதி. யாரையும் குறை சொல்ல முடியாது, வயலை விட்டுவிட்டு எப்படி வருவார்கள்?

ஆக மிஞ்சியது உள்ளூர் கிளினிக். இதைத்தான் நான் நீளமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் நாங்கள் ஏமாறவும் செய்தோம், கடைசியில் இதில்தான் நிம்மதியும் கிடைத்தது.

மூன்றாம் மாதம் வந்தது. இந்த 3 மாதக் கெடு சும்மா எழுதுவதில்லை. 3 மாதம் தாண்டியும் கோளாறு மிச்சம் இருந்தால் அதற்குப் பெயர் நாள்பட்ட நோய். அதனால் கிட்னி அடிபட்ட எல்லாரையும் 3 மாதத்தில் பார்க்க வேண்டும் என்று 2012-ல் வந்த உலக வழிகாட்டுதலே சொல்கிறது. பக்கத்து ஊர் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் கொடுத்தோம். கிரியாட்டினின் 0.8 என்று தாள் வந்தது. பக்கத்தில் இயல்பு அளவு 0.6 முதல் 1.2 வரை என்று அச்சிட்டிருந்தது. கீழே சிவப்புக் கோடு ஏதும் இல்லை. தங்கை அன்றைக்குப் பால் பாயசம் வைத்தாள். "கிட்னி சரியாயிடுச்சு, ரங்கூன் வேண்டாம்" என்று மைத்துனர் போன் பண்ணினார்.

போட்ட டிக்கெட் வீணாக வேண்டாமே என்றுதான் வந்தார்கள். ரங்கூனில் இருந்த சயாமா, அதாவது பெண் டாக்டர், அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இவன் உயரம் என்ன?" யாருக்கும் தெரியவில்லை. பிள்ளையைச் சுவரோரம் நிற்கவைத்து, தலைமேல் ஒரு அட்டையை வைத்து, டேப் பிடித்தார். 116 சென்டிமீட்டர். போனில் கணக்குப் போட்டார்: 0.413-ஐ உயரத்தால் பெருக்கி, கிரியாட்டினினால் வகுக்க வேண்டும். 60 வந்தது. கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் எண் இது, இந்த வயதில் 90-க்கு மேல் இருக்க வேண்டும். "இந்தத் தாளில் இருப்பது வளர்ந்தவர்களுக்கான அளவு. கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. இந்தக் கைக்கு எவ்வளவு தசை இருக்கிறது, பாருங்கள்" என்று மருமகனின் மணிக்கட்டைப் பிடித்துக் காட்டினார். அவருடைய இரண்டு விரலுக்குள் அது அடங்கிவிட்டது.

பரிசோதனை நிலையம் பொய் எழுதவில்லை. பிள்ளைக்கான அளவை அச்சிடவில்லை, உயரத்தைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். இந்த ஓட்டையை நாமே அடைத்துவிடலாம். கணக்கு நாலாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடியது. ஒரு எச்சரிக்கை: சில நிலையங்கள் கிரியாட்டினினை 70, 80 என்று பெரிய எண்ணில் எழுதுவார்கள். அது மைக்ரோமோல் கணக்கு. 88.4-ஆல் வகுத்துவிட்டு மேலே சொன்ன கணக்கைப் போட வேண்டும்.

இரண்டாவது ஓட்டை பிரஷர் பட்டை. பல கிளினிக்கில் பெரியவர்களுக்கான ஒரே பட்டைதான் இருக்கும். மெலிந்த கையில் பெரிய பட்டையைச் சுற்றினால் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். கூடியிருக்கும் அழுத்தம் தப்பித்துவிடும். சின்னப் பட்டை என்றால் நேர்மாறு. பட்டைக்குள் இருக்கும் காற்றுப்பை கையின் சுற்றளவில் 80 முதல் 100 சதவீதம் வரை சுற்றி வர வேண்டும். பிள்ளைகளுக்கான பட்டையை ரங்கூனில் நாங்களே வாங்கி அந்தக் கிளினிக்குக்குக் கொடுத்துவிட்டோம். இப்போது ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் அதுதான். அப்புறம், 120/80 என்ற பெரியவர் கணக்கும் பிள்ளைக்கு ஆகாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் 2017-ல் வெளியிட்ட எளிய அட்டவணைப்படி, 7 வயதில் 106/68-ஐத் தொட்டாலே இன்னொரு முறை, இன்னொரு நாள் கவனமாக அளக்க வேண்டும். பிள்ளை அழுதுகொண்டோ ஓடி வந்தோ இருந்தால் அந்த எண்ணை நம்பாதீர்கள். 5 நிமிடம் உட்காரவைத்து அளக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது சிறுநீர். கிளினிக்குக்குப் போன நேரத்தில் டப்பாவைக் கொடுத்து வாங்குவது சரியான முறை அல்ல. ஓடியாடித் திரிந்த பிள்ளைக்குப் பகலில் சும்மாவே கொஞ்சம் புரதம் இறங்கும். காலையில் கண் விழித்ததும் போகும் முதல் சிறுநீர்தான் வேண்டும். இதற்குக் கிளினிக்கே தேவையில்லை. சோதனைக் குச்சி டப்பா ஒன்று வாங்கி வைத்தால் வீட்டிலேயே பார்க்கலாம். தங்கை மாதம் ஒருமுறை செய்கிறாள்: கழுவிக் காயவைத்த கிண்ணம், குச்சியை முக்கி எடுத்து, ஓரத்தில் தட்டி, 60 வரை எண்ணுவாள். புரதக் கட்டம் மஞ்சளாகவே இருந்தால் சரி. பச்சையாக மாறினால் மறுநாள் காலை திரும்பப் பார்த்து, மறுபடியும் பச்சை என்றால் போன். டப்பா மூடியை உடனே இறுக்க வேண்டும், நம் ஊர் மழைக்கால ஈரத்தில் குச்சி கெட்டுவிடும். குச்சியில் தெரிந்தால் அடுத்தது புரதத்துக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதம். 2 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு அது 0.2-க்குள் இருக்க வேண்டும்.

இந்த மூன்று ஓட்டையையும் அடைத்துவிட்டால் உள்ளூர் கிளினிக் ரங்கூனுக்குச் சளைத்ததல்ல. அளப்பதற்கு அது போதும், அளந்ததற்குப் பொருள் சொல்வதற்குத்தான் பெரிய ஆஸ்பத்திரி. எங்கள் பிள்ளைக்குப் பிரஷரையும் புரத ஒழுக்கையும் குறைக்கும் எனலாப்ரில் மாத்திரை தேவை என்று முடிவு செய்தது ரங்கூன் சயாமா. அது வேலை செய்கிறதா என்று மாதாமாதம் பார்த்துச் சொன்னது வீட்டுக் குச்சியும் ஊர்க் கிளினிக்கும். ஒரு வருடத்தில் கிரியாட்டினின் 0.6, உயரம் 121. கணக்கு 83-க்கு ஏறியது. இப்போதும் அங்கேயே நிற்கிறது. 90 இல்லை. ஆனால் இறங்கவில்லை.

ஆகவே என் முடிவு இரண்டையும் பிரித்து வைத்துக்கொள்வது. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அட்டவணை வேண்டாம். கோயிலில் பார்த்த பெண் குழந்தைபோல பேதியில் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறி, தண்ணீர் ஏற்றியதும் சில நாளில் இறங்கியிருந்தால், மூன்றாம் மாதம் உள்ளூரில் சரியான முறையில் ஒரு பரிசோதனை, அப்புறம் வருடம் ஒருமுறை பிரஷரும் காலைச் சிறுநீரும். மூன்றாம் மாதமே எல்லாம் சுத்தமாக இருந்தால் ரங்கூன் தேவையில்லை என்றுதான் அந்தத் தாயிடம் சொன்னேன். டயாலிசிஸ் வரை போன பிள்ளை, வாரக்கணக்கில் சிறுநீர் வராமல் இருந்த பிள்ளை, குறைமாதத்தில் பிறந்த பிள்ளை என்றால் கடன் வாங்கியாவது மூன்றாம் மாதம் ரங்கூன் போக வேண்டும். அப்புறம் வருடம் ஒரு தடவை அங்கே, இடையில் ஊரில். இரத்தப் பேதியைத் தொடர்ந்து இரத்த அணுக்கள் உடைந்து கிட்னி நின்றுபோன பிள்ளைகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். அவர்களில் நாலில் ஒருவருக்கு ஏதாவது ஒரு மிச்சக் கோளாறு வருகிறது. முதல் வருடம் சுத்தமாக இருந்துவிட்டு அப்புறம் புரதம் தலைகாட்டுவதும் உண்டு. 5 வருடமாவது விடாதீர்கள்.

பாம்புக்கடிப் பிள்ளைக்கு இன்னொன்று. இது பலருக்குத் தெரியாது. நம் நாட்டுக் கண்ணாடி விரியனின் விஷம் சிலருக்கு மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலும் இரத்தக் கசிவை உண்டாக்கும். 1987-லேயே பர்மாவிலிருந்து மருத்துவர்கள் இதை எழுதியிருக்கிறார்கள். கிட்னி தேறிய பிறகும் பிள்ளை சோர்ந்தே கிடக்கிறான், குளிர் தாங்கவில்லை, வளர்த்தி நின்றுவிட்டது, பருவ வயது வந்தும் மாற்றம் இல்லை என்றால் அதைக் கிட்னி கணக்கில் எழுதிவிடாமல் ஹார்மோன் பரிசோதனை கேளுங்கள். அதனால்தான் தங்கை வீட்டு வாசல் தேக்குத் தூணில் ஒவ்வொரு தை முதல் தேதியும் பென்சில் கோடு போடுகிறோம். கிரியாட்டினின் கணக்குக்கும் அந்த உயரம்தான், சுரப்பி வேலை செய்கிறதா என்று பார்க்கவும் அந்த உயரம்தான்.

எந்த வழியில் போனாலும் வீட்டில் மாறாத சில காரியங்கள் உண்டு. டன்யின்தீ என்ற கொட்டை பிள்ளைக்கு வேண்டவே வேண்டாம். அவித்து எண்ணெயும் உப்பும் தொட்டுச் சாப்பிடப் பர்மியர் வீட்டில் கொடுப்பார்கள், ருசிதான். ஆனால் அந்தக் கொட்டையில் உள்ள அமிலம் சிறுநீர்ப் பாதையில் ஊசி ஊசியாகப் படிந்து நல்ல கிட்னியையே நிறுத்தியிருக்கிறது. காய்ச்சல், உடம்பு வலி என்றால் பாரசிட்டமால் மட்டும். கடையில் சில்லறையாகக் கலந்து கட்டித் தரும் மாத்திரைப் பொட்டலத்தில் டைக்ளோஃபினாக்கோ இபுபுரூஃபனோ இருக்கும். என்ன மாத்திரை என்று பெயர் தெரியாமல் வாங்காதீர்கள். பேதி ஆரம்பித்த அன்றே உப்புச் சர்க்கரைக் கரைசல். எனலாப்ரில் சாப்பிடும் பிள்ளைக்குப் பேதியோ வாந்தியோ வந்தால் மாத்திரையை நிறுத்திவைக்க வேண்டுமா என்று அன்றைக்கே சயாவைக் கேட்டுவிடுங்கள். ஙாப்பி என்ற உப்பு மீன் விழுதும் கருவாடும் இல்லாமல் இந்த நாட்டில் சோறு இறங்காது என்பது எனக்கும் தெரியும். தங்கை, பிள்ளையின் பங்கைக் குறைத்து, புளியும் எலுமிச்சையும் கூட்டிப் பழக்கிவிட்டாள். முதல் மாதம் அழுதான், இப்போது எங்கள் குழம்பு அவனுக்கு உப்புக் கரிக்கிறதாம்.

கடைசியாக அந்தத் தாயின் டிஸ்சார்ஜ் தாள். அதை அங்கேயே போனில் படம் எடுத்துக் கொடுத்தேன். பெரிய நோட்டு ஒன்று வாங்கச் சொன்னேன். முதல் பக்கத்தில் நோய் வந்த தேதி, கிரியாட்டினின் எவ்வளவு வரை ஏறியது, எத்தனை நாள் சிறுநீர் வரவில்லை, டயாலிசிஸ் உண்டா இல்லையா, வீடு திரும்பிய அன்றைய எண், என்னென்ன மருந்து. அடுத்த பக்கத்திலிருந்து ஒவ்வொரு முறையும் தேதி, உயரம், எடை, பிரஷர், சிறுநீர், கிரியாட்டினின். சயாக்கள் மாறுவார்கள், ஆஸ்பத்திரிப் பதிவேடு காணாமல் போகும், அந்த நோட்டு மட்டும் பிள்ளையோடு இருக்கும். அவர் தலையாட்டிவிட்டு மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். உயரத்தை இப்போதே எழுதிவிடலாமே என்று கோயில் மண்டபத் தூணோரம் அவளை நிற்கவைத்தோம். பலூன் கையில் இருந்ததால் அசையாமல் நின்றாள். 98 சென்டிமீட்டர்.